கைவைக்கும் முன்: பழைய பாஸ் கிட்டாரும் அதன் சாட்சியங்களும்

ஐம்பது, அறுபது ஆண்டுப் பழைய மின் பாஸ் கிட்டார் ஒன்றை இன்றைய மேடைக்கும் ஒலிப்பதிவுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ள விரும்புகிறவர், அதன் மதிப்பைக் கெடுக்காமல் எதுவரை போகலாம்? இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான். சந்தையில் இதற்குத் தயாராக ஒரு பதில் உண்டு: திரும்பக் கழற்ற முடிகிற மாற்றமென்றால் செய்யலாம், முடியாதென்றால் செய்யக் கூடாது. பெரும்பாலும் சரியான பதில்தான்; ஆனால் போதாது. கழற்ற முடிகிற மாற்றங்களில் பல, கழற்றிய பிறகும் வாத்தியத்தை ஏழையாக்கிவிட்டுப் போகின்றன. மரத்தையே தொடுகிற வேலைகளில் சிலவோ மதிப்பை ஒன்றும் செய்வதில்லை. ஆகவே அளவுகோலை வேறிடத்தில் தேட வேண்டியிருக்கிறது. பழைய பாஸின் மதிப்பு அது சுமந்திருக்கும் சாட்சியத்தில் இருக்கிறது என்பது என் வாதம். எந்த மாற்றத்துக்கு முன்னும் கேட்க வேண்டியது, இது எந்தச் சாட்சியத்தை அழிக்கும் என்பதையே.

எந்தப் பாஸைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை நடத்திவந்த லியோ ஃபெண்டர், 1951-இல் பிரிசிஷன் பாஸைக் கொண்டுவந்தார். 34 அங்குலத் தந்தி நீளம், ஃபிரெட் பதித்த கழுத்து, பசை போட்டு ஒட்டாமல் நான்கு திருகுகளால் உடலோடு இறுக்கிய இணைப்பு. 1957-இல் அதன் பிக்கப் இரண்டாகப் பிளந்த வடிவத்துக்கு மாறியது. 1960-இல் ஜாஸ் பாஸ் வந்தது. 1965 ஜனவரியில் நிறுவனம் 1.3 கோடி டாலருக்கு சி.பி.எஸ். ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. சேகரிப்பாளர்கள் அந்த விற்பனையை ஒரு எல்லைக்கோடாக்கி, முந்தையதற்கு ஒரு விலை, பிந்தையதற்கு ஒரு விலை என்று வைத்திருக்கிறார்கள். (அதில் கொஞ்சம் மூடநம்பிக்கையும் கலந்திருக்கிறது, உரிமையாளர் மாறிய அன்றைக்கே தொழிற்சாலையின் கைகள் மாறிவிடுவதில்லை.) கிப்சன் இபி-3, ரிக்கன்பேக்கர் 4001, ஹோஃப்னர் 500/1 ஆகியவற்றுக்கும் நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி பொருந்தும். ஆனாலும் ஃபெண்டரையே முன்னால் வைத்துப் பேசுகிறேன். அதிகம் மாற்றப்பட்டதும், அதிகம் போலி செய்யப்பட்டதும் அதுதான்.

லியோ ஃபெண்டர் வயலின் செய்யும் மரபிலிருந்து வந்த கைவினைஞர் அல்லர். பழுதுபார்ப்பவரின் கண்ணோடு வடிவமைத்தவர். கழுத்து கோணினால் நான்கு திருகைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். கண்ட்ரோல் கரகரத்தால் பிக்கார்டைத் தூக்கிப் புதிதாக ஒன்று வைக்கலாம். இதையே சிலர் எதிர்வாதமாக முன்வைக்கிறார்கள்: பாகம் மாற்றுவதற்கென்றே பிறந்த வாத்தியத்தில் பாகம் மாற்றக் கூடாது என்பது வேடிக்கை இல்லையா, லியோவே சிரிப்பாரே என்கிறார்கள். வாதம் அழகாக இருக்கிறது, ஆனால் எதிர்த்திசையில் போய் முடிகிறது. எந்தக் கழுத்தும் எந்த உடலுக்கும் பொருந்தும் என்றால், உங்கள் கையில் இருக்கும் 1963-ஆம் ஆண்டுக் கழுத்தும் 1963-ஆம் ஆண்டு உடலும் ஒரே நாளில் ஒன்றாகத் தொழிற்சாலையை விட்டு வெளியேறியவை என்பதை எப்படி நம்புவது? பாகங்கள் எளிதில் இடம் மாறும் வாத்தியத்தில், அவை இடம் மாறவில்லை என்பதற்கான தடயங்களே விலையைத் தாங்குகின்றன. திருகுகள் எளிதாகக் கழல்வதால்தான் சாட்சியம் இவ்வளவு கனக்கிறது.

அந்தத் தடயங்கள் எவை? கழுத்தைக் கழற்றினால் அதன் அடிக்கட்டையில் தேதி இருக்கும். 1960களின் தொடக்கம் வரை பென்சிலால் எழுதியது, பிறகு ரப்பர் முத்திரையால் குத்தியது. பிக்கார்டைத் தூக்கினால் வால்யூம், டோன் கண்ட்ரோல்களின் முதுகில் எண்கள் தெரியும். முதல் மூன்று இலக்கங்கள் தயாரித்த கம்பெனியைச் சொல்லும். 304 என்றால் ஸ்டாக்போல், 137 என்றால் சி.டி.எஸ். அதன் பின்னே ஆண்டும் வாரமும். 3046620 என்று இருந்தால் ஸ்டாக்போல் 1966-ஆம் ஆண்டின் 20-ஆம் வாரத்தில் செய்தது. அது கண்ட்ரோல் பிறந்த தேதிதான், கிட்டார் பிறந்த தேதி ஆகாது. ஃபெண்டர் 1966-இல் கண்ட்ரோல்களை மொத்தமாக வாங்கிக் குவித்துவிட்டதால், அடுத்த சில ஆண்டுகளின் கிட்டார்களிலும் 1966-ஆம் ஆண்டு எண்களே வருகின்றன. இந்தத் தேதிக்கு முன்னால் இது உருவாகியிருக்க முடியாது என்பது மட்டுமே அந்த எண் தரும் உறுதி. 1960களின் நடுவிலிருந்து பல பிக்கப்களின் அடித்தட்டிலும் தேதி உண்டு. இவை படிக்கக்கூடிய தடயங்கள். படிக்கத் தெரிந்தவருக்கு மட்டும் பேசும் தடயங்கள் இன்னும் முக்கியமானவை. 1960களின் நடுப்பகுதி வரை, வண்ணம் பூசிய உடல்கள் காயும்போது மேசையில் படாமல் இருக்க அவற்றில் சிறு ஆணிகள் அடித்திருந்தார்கள். காய்ந்தபின் பிடுங்கிய அந்த ஆணித் துளைகள் பிக்கார்டுக்கு அடியில் இன்றும் இருக்கின்றன, உள்ளே வண்ணம் படாமல். மறுபூச்சு செய்த உடலில் அந்தத் துளைகளுக்குள் வண்ணம் இறங்கியிருக்கும். 1960களின் பல உடல்களில் கழுத்து உட்காரும் குழியில், பூச்சு வேலைக்குக் கைப்பிடியாகத் திருகியிருந்த கட்டையின் நிழல் வண்ணமில்லாத பட்டையாகத் தெரியும். கடைசியாக, பற்றவைப்பு. கைபடாத சால்டர் மணி ஒன்றுக்கும், உருக்கி மறுபடி வைத்த மணிக்கும் உள்ள வேறுபாட்டை அனுபவமுள்ள கண் ஒரு பார்வையில் பிடித்துவிடும்.

நிலம் வாங்குகிறவர் மண்ணை மட்டும் பார்த்து வாங்குவதில்லை. மூலப்பத்திரத்திலிருந்து இன்றுவரை கண்ணி அறுபடாமல் வருகிறதா என்றும் பார்க்கிறார். பழைய பாஸின் விலையும் அப்படித்தான் நிற்கிறது. மண் அதே மண்ணாக இருக்கலாம். பத்திரம் ஒன்று தொலைந்தால் விலை இறங்கும். வண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1960களில் ஃபெண்டரிடம் வழக்கமான சன்பர்ஸ்ட்டை விட்டுச் சிறப்பு வண்ணம் கேட்டவர் 5 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தார், அவ்வளவே. இன்று அந்த வண்ணம் அசலாக இருந்தால் விலை அந்த ஐந்து சதவீதத்தையெல்லாம் தாண்டி எங்கோ போய்விடுகிறது. அதே வண்ணத்தை இன்று அதே நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரில் திறமையாகப் பூசினால், கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, காதுக்கும் தெரியாது. ஆனாலும் மறுபூச்சு பூசிய வாத்தியம் பாதி விலை என்பது வியாபாரிகளிடையே நெடுங்காலமாகப் புழங்கும் வாய்க்கணக்கு. இழந்தது அழகோ ஒலியோ அன்று, நம்பகம் என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடுகிறது.

இன்று நாம் பதறும் மாற்றங்களைச் செய்தவர்கள் முட்டாள்களும் அல்லர். 1970களில் பத்துப் பன்னிரண்டு வயதான ஒரு பிரிசிஷன் பாஸ் வெறும் பழைய சாமான். வண்ணத்தைச் சுரண்டிவிட்டு மர நிறம் தெரியப் பூசுவது அன்றைய மோஸ்தர். பிரிட்ஜுக்கு அருகே ஜாஸ் பாஸ் பிக்கப் ஒன்றைக் கூடுதலாகப் பதிக்க உடலைக் குடைந்தார்கள். கனமான பேட் ஆஸ் பிரிட்ஜ் மாட்டினார்கள். அதற்கு முன்பே கலிஃபோர்னியாவின் அலெம்பிக் கூட்டத்தார், பாஸ் கலைஞர்களான ஃபில் லெஷ், ஜாக் கசாடி ஆகியோரின் கில்ட் ஸ்டார்ஃபயர் பாஸ்களுக்குள் மின்கலத்தில் இயங்கும் சர்க்யூட்டைப் புகுத்தியிருந்தார்கள். 1976-இல் மியூசிக் மேன் ஸ்டிங்ரே அந்த ஆக்டிவ் சர்க்யூட்டைத் தொழிற்சாலையிலிருந்தே கொடுத்தது. இன்று நாம் கேட்கும் நவீன பாஸ் ஒலி பாதிக்கு மேல் இந்தக் குடைச்சல்களின் பிள்ளை. அவர்கள் குடையாமல் இருந்திருக்க வேண்டும் என்று சொல்வது வரலாறு தெரியாத பேச்சு. ஆனால் அன்றைக்கு அவர்கள் அழித்தது ஏராளமாகக் கிடைத்த பொருளின் ஒரு பிரதியை. இன்று குடைபவர் அழிப்பது எஞ்சியவற்றுள் ஒன்றை. செயல் ஒன்றுதான், அதன் விலை மாறிவிட்டது.

சரி, இன்று என்ன செய்யலாம்? மின் பகுதியிலிருந்து தொடங்குவோம். ஆசை அதிகம் எழுவதும் அங்கேதான், தவறு அதிகம் நடப்பதும் அங்கேதான். பிரிசிஷன் பாஸைப் பொறுத்தவரை லியோவின் பழுதுபார்க்கும் புத்தி நமக்குக் கைகொடுக்கிறது. இரண்டு கண்ட்ரோல்கள், ஜாக் எல்லாமே பிக்கார்டில்தான் உட்கார்ந்திருக்கின்றன. பிக்கப்பை உடலோடு பிடிக்கும் திருகுகளையும் பிக்கார்டின் திருகுகளையும் கழற்றினால், பிக்கப், கண்ட்ரோல், ஜாக் அத்தனையும் ஒயரோடு ஒரே கொத்தாக வெளியே வந்துவிடும். உடலோடு அதைக் கட்டிவைத்திருப்பது பிரிட்ஜிலிருந்து வரும் எர்த் ஒயரின் ஒற்றைப் பற்றவைப்பு மட்டுமே. அந்த ஒன்றை மட்டும் விடுவித்து, அசல் கொத்தை அப்படியே எடுத்து வைத்துவிட்டு, புதுப் பிக்கார்டில் புதுப் பிக்கப்பும் புதுக் கண்ட்ரோலும் ஏற்கெனவே பற்றவைத்த இன்னொரு கொத்தை இறக்கலாம். சாட்சியத்தில் இழப்பு ஒரே ஒரு சால்டர் மணி. இதற்கு மாறாக, பிக்கப்பை மட்டும் மாற்றுகிறேன் என்று அசல் கண்ட்ரோலின் முதுகிலேயே சால்டரிங் கம்பியை வைப்பவர், பாகங்களைக் குறைவாகத்தான் மாற்றுகிறார்; ஆனால் கைபடாத பற்றவைப்புகள் அனைத்தையும் ஒரே மாலையில் கெடுத்துவிடுகிறார். திரும்பக் கழற்ற முடியுமா என்ற சந்தை அளவுகோலில் இரண்டும் ஒன்றே. சாட்சியம் என்ற அளவுகோலில் இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஜாஸ் பாஸில் இந்த வசதி இல்லை. அதன் கண்ட்ரோல்களும் ஜாக்கும் தனி உலோகத் தகட்டில். பிக்கப்கள் இரண்டும் உடலின் தனித்தனிக் குழிகளில். பிக்கப் ஒயர்கள் மரத்துக்குள் துளைத்த வழியாகப் போய்க் கண்ட்ரோல்களில் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. பிக்கப்பை வெளியே எடுக்க வேண்டுமென்றால் சால்டரை உருக்காமல் முடியாது. ஆகவே ஒரே வேலை பிரிசிஷனில் செய்யத் தக்கதாகவும், ஜாஸ் பாஸில் இருமுறை யோசிக்க வேண்டியதாகவும் ஆகிறது. கைபடாத 1960களின் ஜாஸ் பாஸ் ஒன்று கையில் இருந்தால், அதன் பிக்கப்களை வேலை செய்யும்வரை விட்டுவிடுவதே என் பரிந்துரை. பிக்கப் ஊமையானாலும் உடனே சுருள் முழுவதையும் புதிதாகச் சுற்றக் கொடுக்க வேண்டாம். மெல்லிய கம்பி பல நேரங்களில் ஒயரோடு சேரும் முனையில்தான் அறுந்திருக்கும், அதை மட்டும் இணைத்தால் உயிர் வந்துவிடும். கரகரக்கும் கண்ட்ரோலுக்கும் முதல் மருந்து சுத்தம் செய்யும் திரவம்தான், புதுக் கண்ட்ரோல் வாங்குவது பிறகு. அந்தத் திரவம் லாக்கரின் மேல் சொட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆக்டிவ் சர்க்யூட் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு நேரான பதில் உண்டு: அதைக் காலடியில் வையுங்கள். ப்ரீஆம்ப் என்பது பிக்கப்பின் சன்னமான சைகையை வலுப்படுத்தி, தாழ்வொலியையும் உச்சவொலியையும் கூட்டிக் குறைக்கும் ஒரு சர்க்யூட். அது கிட்டாருக்குள்ளேதான் இருந்தாக வேண்டும் என்று சட்டமில்லை. பெட்டியில் அடைத்த ப்ரீஆம்ப்கள் இன்று தாராளமாகக் கிடைக்கின்றன. நீண்ட ஒயரில் உச்சவொலி கொஞ்சம் மங்கும் என்பது உண்மை. குட்டை ஒயர் ஒன்றால் பெரும்பாலும் தீர்ந்துவிடும் சிக்கல் அது. மாறாக, உள்ளே வைத்தால் 9 வோல்ட் மின்கலத்துக்கு இடம் வேண்டும். இடம் வேண்டுமென்றால் மரத்தைக் குடைய வேண்டும். குடையாமல் இருக்கும் இடத்தில் திணித்தாலும், மறந்துபோன மின்கலம் ஒழுகி அருகிலிருக்கும் அசல் கண்ட்ரோலை அரித்துவிடக்கூடும்.

பிரிட்ஜும் ட்யூனர்களும் ஒப்பீட்டளவில் எளிய பிரச்சினைகள். பழைய திருகுத் துளைகளிலேயே உட்காரும் கனமான பிரிட்ஜ்களும், பழைய அளவுக்கே செய்த எடை குறைந்த ட்யூனர்களும், கீழ்த் தந்தியை ஒரு தட்டில் டி சுருதிக்கு இறக்கும் விசையும் சந்தையில் உண்டு. புதுத் துளை போடாமல், பழைய துளையை அகலப்படுத்தாமல் பொருந்துமென்றால் மாட்டலாம். தந்தியை உடலுக்குள் ஊடுருவவிடும் பிரிட்ஜ் என்றால் கூடாது. இதற்கு மேல் அந்த விஷயத்தில் சொல்ல எதுவுமில்லை. கழுத்தில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். ஃபிரெட் இல்லாத பாஸ் வேண்டும் என்பதற்காக அசல் கழுத்தின் ஃபிரெட்களைப் பிடுங்குவதைவிட, வேறொரு கழுத்தை வாங்கி மாட்டிக்கொண்டு அசலை எடுத்துவைப்பது எவ்வளவோ மேல். ஆனால் மரத்தில் இறங்கும் திருகு ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் தன் பள்ளத்தைக் கொஞ்சம் தின்கிறது. மின்திருகியை எட்ட வைத்துவிட்டு, கையால், முதலில் பின்பக்கமாகச் சுழற்றிப் பழைய புரி பிடிபட்ட பிறகே இறுக்க வேண்டும். கழுத்தின் கோணம் சரியில்லையென்றால் குழியைச் சீவக் கூடாது. மெல்லிய தகடு ஒன்றை அடியில் வைக்கலாம். தொழிற்சாலையே பலவற்றில் வைத்த தகடுதான் அது.

மரத்தைத் தொட்டாலும் மதிப்பைத் தொடாத வேலை என்று தொடக்கத்தில் சொன்னேன். புது ஃபிரெட் போடுவது அப்படிப்பட்டது. ஃபிரெட் தேயும் பொருள்; தேய்ந்தது மாறியாக வேண்டும் என்பதைச் சந்தை முழுதாக ஏற்றுக்கொண்டிருக்கிறது, வேலை சுத்தமாக இருந்தால். தந்தி உட்காரும் நட் துண்டும் ஏறக்குறைய அப்படியே. ஆனால் இதிலும் சாட்சியம் எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் போக வேண்டும். ஃபிரெட் போடுகிறவர் விரற்பலகையை மட்டமாக்க இழைப்பது வழக்கம். 1959 முதல் 1962 வரையிலான ஃபெண்டர்களில் ரோஸ்வுட் விரற்பலகை தடித்த தட்டையான பலகை. அதன் பிறகு வளைத்து ஒட்டிய மெல்லிய தகடு. பின்னதில் இழைக்க இடமே கிடையாது. மேப்பிள் விரற்பலகையில் இழைத்தால் லாக்கர் போய்விடும், பிறகு மறுபூச்சு. அந்தக் கால ரோஸ்வுட்டில் பெரும்பகுதி பிரேசில் மரம். 1992-இலிருந்து சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பதால், எல்லை தாண்டும்போது அனுமதிப் பத்திரம் கேட்கும் மரம் அது. ஒரு மில்லிமீட்டர் போனாலும் அதே மரத்தை வாங்கி ஈடு செய்துவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

இனி, யாரும் மாற்றம் என்றே கருதாத சில வேலைகள். ஓசை அடங்குவதற்காகத் தந்திக்கடியில் வைக்கும் ஸ்பாஞ்சு ஆண்டுக்கணக்கில் அப்படியே இருந்தால் உதிர்ந்து, பிசினாகி, லாக்கரில் ஒட்டிக்கொள்ளும். கிட்டாரைச் சாய்த்து வைக்கும் ஸ்டாண்டின் ரப்பரும் நைட்ரோ லாக்கருக்கு எதிரி. இரைச்சலைத் தடுக்கக் குழிகளுக்குள் செப்புத் தகடு ஒட்டுவதும், மின்கடத்தும் கரிப்பூச்சு பூசுவதும் ஒலிக்கு நல்லது. ஆனால் முன்பு சொன்ன ஆணித் துளையும் வண்ண நிழலும் அந்தப் பூச்சுக்கு அடியில் போய்விடும். தகட்டைப் பிக்கார்டின் பின்புறத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கழற்றிய அசல் பாகங்களைப் பாதுகாப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 1960களின் முற்பாதியில் வந்த பிக்கார்டுகள் பல செல்லுலாய்டு; அது சுருங்கும், வெடிக்கும், சிதையும்போது அமில ஆவியை வெளியிடும். அதை அசல் பிரிட்ஜோடும் கண்ட்ரோலோடும் ஒரே பையில் மூடி வைத்தால், காப்பாற்றுவதாக நினைத்து அழிப்பதாகவே முடியும். தனித்தனியாக, காற்று போக வைக்க வேண்டும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடற்கரை ஊர்களில் உலோகப் பாகங்களுக்கு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலமும் தேவை.

பெரிய எதிர்வாதத்துக்கு வருகிறேன். மாற்றியதால் மதிப்பு கூடிய பாஸ்கள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன. ஜாகோ பாஸ்டோரியஸின் 1962-ஆம் ஆண்டு ஜாஸ் பாஸ் ஃபிரெட் பிடுங்கப்பட்டு, பள்ளங்கள் நிரப்பப்பட்டு, படகுக்குப் பூசும் எபாக்சியால் மூடப்பட்டது. அவருடைய 1976-ஆம் ஆண்டு முதல் தனி இசைத்தட்டு அந்த வாத்தியத்தின் சொல்வளத்தையே மாற்றியது. அந்தப் பாஸ் 1986-இல் நியூயார்க்கில் திருடு போய், இரண்டு தசாப்தங்கள் கழித்து வெளிப்பட்டு, மெட்டாலிகாவின் ராபர்ட் ட்ருஹியோவின் உதவியால் மீண்டது. ஜான் என்ட்விசில் 1967-இல் உடைந்த ஐந்து பாஸ்களின் பாகங்களைக் கோத்து ஒன்று செய்து, அதற்கு ஃபிராங்கன்ஸ்டைன் என்றே பெயரிட்டார். மார்கஸ் மில்லரின் 1977-ஆம் ஆண்டு ஜாஸ் பாஸில் ரோஜர் சடோவ்ஸ்கி ப்ரீஆம்ப் பதித்தார். இவை என் வாதத்தை உடைப்பதாகத் தெரியலாம்; கூர்ந்து பார்த்தால் அதையே நிறுவுகின்றன. ஜாகோவின் பாஸில் எபாக்சிதான் இப்போது சாட்சியம். யாராவது அதைச் சுரண்டிவிட்டுப் புது ஃபிரெட் போட்டு 1962-ஆம் ஆண்டு அசல் நிலைக்குக் கொண்டுவந்தால், அதைவிடப் பெரிய அழிவு இருக்க முடியாது. மாற்றத்துக்கு விலை தந்தது மாற்றியவரின் இசை. அந்த இசை வந்த பிறகு விலை வந்தது. விலை வரும் என்று அவர்கள் குடையவில்லை. மில்லரின் பாஸ் அப்போது புதுக் கருக்கு மறையாதது என்பதையும் மறக்க வேண்டாம்.

இதைவிட ஆழமான எதிர்வாதம் வயலின் உலகத்திலிருந்து வருகிறது. ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்களில் ஏறக்குறைய எல்லாமே பிற்காலத்தில் திருத்தப்பட்டவை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் பெரிய அரங்குகளுக்கு ஒலி பெருக வேண்டுமென்று கழுத்தை நீட்டினார்கள், கோணத்தை மாற்றினார்கள், உள்ளே இருக்கும் பாஸ் பார் கட்டையைக் கனமாக்கினார்கள். அவை இன்றும் பல பத்து லட்சம் டாலருக்குப் போகின்றன. அப்படியானால் பாஸுக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி? விடை அந்தத் திருத்தம் நடந்த முறையிலேயே இருக்கிறது. கழுத்தை மாற்றியவர்கள் ஸ்ட்ராடிவாரி செதுக்கிய சுருள் தலையை எறியவில்லை. அதை வெட்டி எடுத்துப் புதுக் கழுத்தில் ஒட்டவைத்தார்கள். செய்தவரின் கை எங்கே தெரிகிறதோ அதைக் காப்பாற்றிவிட்டு, மற்றதை மாற்றினார்கள். அந்த வாத்தியத்தின் சாட்சியம் உடலிலும் தலையிலும் மேற்பூச்சிலும் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தொழிற்சாலையில் இயந்திரம் வெட்டிய பாஸில் அப்படி ஒரு கையெழுத்து கிடையாது. அதன் சாட்சியம் பாகங்களுக்கு இடையேயான உறவில் பரவிக் கிடக்கிறது. ஆகவே அதைக் காப்பதற்கு அதிகம் காக்க வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. ஃப்ளாரன்ஸின் அகாதெமியா காட்சியகத்தில் 1690-ஆம் ஆண்டு மெதிச்சி டெனர் வியோலா ஒன்று, ஸ்ட்ராடிவாரி கொடுத்த கழுத்தும் பாகங்களும் மாறாமல் இருக்கிறது. அந்தக் காலத்து அமைப்பு உண்மையில் எப்படி இருந்தது என்று அறிய விரும்புகிறவர்கள் திருத்திய நூற்றுக்கணக்கானவற்றை விட்டுவிட்டு அந்த ஒன்றிடம்தான் போகிறார்கள்.

வாத்தியம் வாசிப்பதற்குத்தானே, பெட்டிக்குள் பூட்டுவதற்கா என்று கோபப்படுகிறவர்களின் பக்கம்தான் நானும் நிற்கிறேன். வாசித்துத் தேய்ந்த வண்ணம் நேர்மையான சாட்சியம். அதைச் சந்தையும் பெரிதாகத் தண்டிப்பதில்லை. ஆனால் வாசிப்புக்கு மாற்றம் தேவை என்பது நாம் எளிதாக ஒப்புக்கொள்ளும் பொய். மோட்டவுன் பாடல்களில் பெரும்பகுதிக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962-ஆம் ஆண்டுப் பிரிசிஷன் ஒன்றில், தட்டையாகச் சுற்றிய லா பெல்லா தந்திகளோடு, பிரிட்ஜ் மூடிக்கடியில் ஸ்பாஞ்சோடு வாசித்தார். தந்தியை அடிக்கடி மாற்றும் பழக்கம்கூட அவருக்கு இல்லை. ஒலியை அதிகம் மாற்றுவது தந்தி, அடுத்து தந்தியின் உயரமும் கழுத்தின் வளைவும், அடுத்து விரல் தந்தியில் படும் இடம். இவை எதற்கும் சாட்சியத்தில் கைவைக்க வேண்டியதில்லை. இவற்றை முயன்று பார்க்காமல் சால்டரிங் கம்பியைச் சூடாக்குகிறவர் ஒலியைத் தேடுகிறாரா, வேலையைத் தேடுகிறாரா என்று எனக்குச் சந்தேகம் வருகிறது.

நான் விற்கப் போவதில்லை, எனக்கு மதிப்பு எதற்கு என்பவருக்கு நீண்ட பதில் தேவையில்லை. வாத்தியம் அவரைவிட நீண்ட நாள் இருக்கும்.

மீதமிருப்பது ஏற்கெனவே மாற்றப்பட்ட பாஸ்கள். யாரோ 1974-இல் குடைந்த குழியை இன்று மரத்தால் அடைத்து, மேலே வண்ணம் பூசி, அசல் நிலைக்கு மீட்டதாகச் சொல்வது நான் கடுமையாக எதிர்க்கும் வேலை. கட்டடப் பாதுகாப்புக்கான 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம் இரண்டு விஷயங்களை வலியுறுத்தியது: ஒரு நினைவுச்சின்னத்தில் எல்லாக் காலங்களின் பங்களிப்பும் மதிக்கப்பட வேண்டும், புதிதாகச் சேர்த்த பகுதி அசலிலிருந்து பிரித்தறியும்படி இருக்க வேண்டும். பாஸுக்கும் அதே நியாயம்தான். பால் மெக்கார்ட்னியின் 1961-ஆம் ஆண்டு ஹோஃப்னர் 500/1, 1964-இல் மறுபூச்சு பூசப்பட்டு, பிக்கப்கள் புதுச் சட்டத்தில் பொருத்தப்பட்டது. 1972-இல் லண்டனில் வேனிலிருந்து திருடு போன அது, ஐம்பது ஆண்டுக்கு மேல் கழித்துத் திரும்பக் கிடைத்ததாக 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அந்தத் திருத்தங்கள் இன்று அதன் அடையாளத்தின் பகுதி. அவற்றை நீக்கிப் புதுக்கருக்காக்க யாரும் நினைக்க மாட்டார்கள். பெயர் தெரியாதவர் மாற்றிய பாஸுக்கு அத்தகைய புகழ் இல்லைதான், ஆனால் மறைக்காத குழி குறைந்தபட்சம் உண்மை சொல்கிறது. மறைத்த குழி வாங்குகிறவரை ஏமாற்றக் காத்திருக்கிறது. குழியை மறைக்காமல் விடுவதில் ஒரு பயனும் இருக்கிறது. ஆக்டிவ் சர்க்யூட்டும் கூடுதல் பிக்கப்பும் இல்லாமல் முடியாது என்பவர், கைபடாத பழைய பாஸைத் தேடி அலைவதைவிட, ஏற்கெனவே குடைந்ததை, மறுபூச்சு பூசியதைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். மரம் அதே பழைய மரம், கழுத்து அதே பழைய கழுத்து. மின்கலத்துக்கான குழியை முன்பே ஒருவர் வெட்டி வைத்திருப்பார்.